பதினாறாம் பல்லுக்காக ஒரு கிராங்க்: ஈசூன் அண்ணனின் சைக்கிளில் 53/39 போய் 50/34 வந்த கதை

சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் எனக்கு நான்கு தளம் கீழே குடியிருப்பவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். வயது 47, எடை 74 கிலோ. செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை. சாலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அவர் பழைய சைக்கிளை விற்றுவிட்டு, இன்னொருவர் ஓட்டிக் கைமாற்றிய கார்பன் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஷிமானோ 105 வரிசையில் ஆர்7000, பின்னால் பதினொரு கியர், முன்னால் 53/39. கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்லடுக்கு, 11-28. சைக்கிள் அழகானது, நல்ல நிலையிலும் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தள்ளிக்கொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தார். வலது முழங்காலின் முன்பக்கம் வலி. பலதுறை மருந்தகத்தில் காட்டியிருக்கிறார். எலும்பில் கோளாறு இல்லை, மிதிக்கும் சுமையைக் குறையுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு கடையில், முழுக் கிராங்கையும், அதாவது மிதிக் கைகளும் முன் பல்வட்டுகளும் சேர்ந்த பாகத்தை, கழற்றி 50/34 காம்பாக்ட் போட வேண்டும், கூடவே அதன் அச்சுத் தாங்கியையும் மாற்ற வேண்டும் என்று விலை சொல்லியிருக்கிறார்கள். அவருடன் ஓட்டும் மூத்தவர் ஒருவரோ, “சிங்கப்பூர் தோசைக்கல்லைப் போலத் தட்டை. இங்கே காம்பாக்ட் எதற்கு? 53ஐ மிதிக்கப் பழகிக்கொள்” என்று தோளைத் தட்டியிருக்கிறார். “நீங்கள் சொல்லுங்கள் தம்பி, எதைக் கேட்பது?” என்றார் அண்ணன்.

இரண்டு ஆலோசனைகளும் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. எங்கள் குழுவில் இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எண்கள் சொல்வது

முன்னால் மிதியோடு சேர்ந்து சுழலும் பல்வட்டுகள் இரண்டு. பெரியதில் 53 பல், சிறியதில் 39 பல் இருந்தால் அதை ஸ்டாண்டர்ட் என்கிறார்கள். 50ம் 34ம் இருந்தால் காம்பாக்ட். இடையில் 52/36 என்றும் ஒன்று உண்டு. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், மிதி ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது கிடைக்கும். 25 மில்லிமீட்டர் டயர் போட்ட 700 சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.105 மீட்டர் ஓடும். இந்த ஆய்வுக்குத் தேவையான கணக்கு இவ்வளவுதான்.

ஸ்டாண்டர்டைப் பந்தயக்காரர்களுக்கும், காம்பாக்டை மலை ஏறத் திணறுபவர்களுக்கும் உரியதாகப் பிரித்துப் பேசும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. 2003 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அமெரிக்க வீரர் டைலர் ஹாமில்டன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் காம்பாக்ட் கிராங்கோடு ஓட்டி, பயோன் நகரில் முடிந்த கட்டத்தை வென்றார். அதன் பிறகு அந்தப் பாகுபாட்டுக்கு அர்த்தமே இருந்திருக்கக் கூடாது. 2021இல் வந்த தன் உச்ச வரிசையான டியூரா-ஏஸ் 9200இல் ஷிமானோ 53/39ஐக் கைவிட்டு 50/34, 52/36, 54/40 ஆகிய மூன்றை மட்டும் வைத்தது. ஆனாலும் சைக்கிள் கைமாறும்போது 53/39 அப்படியே கூடவே வருகிறது. கைமாற்றுச் சைக்கிள் வாங்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்.

முதலில் எதையும் மாற்றவில்லை

வலியோடு வருபவரின் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது இருக்கை உயரம். அண்ணனின் இருக்கை, முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன உயரத்திலேயே இருந்தது. அவர் அண்ணனைவிடக் குள்ளமானவராக இருந்திருக்க வேண்டும். மிதி அடியில் இருக்கும்போதும் அண்ணனின் முழங்கால் நன்றாக மடங்கியே நின்றது. இருக்கையை 12 மில்லிமீட்டர் உயர்த்தினேன். இதை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வலி குறைந்ததில் இந்த 12 மில்லிமீட்டருக்கு எவ்வளவு பங்கு, கியருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வலியோடு ஒருவர் நிற்கும்போது, ஆய்வு சுத்தமாக இருக்கட்டும் என்று இருக்கையைத் தாழ்வாகவே விட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, சைக்கிளில் வேகமானியும் மிதிச்சுற்று மானியும் மாட்டி நான்கு வாரம் ஓட்டச் சொன்னேன். அவர் ஓட்டும் வழிகள் மாறுவதில்லை. வார நாளில் ஒரு நாள் விடியற்காலை செம்பவாங் சாலையிலும் அப்பர் தாம்சன் பக்கமும் ஒரு சுற்று. சனிக்கிழமை மண்டாய் சாலை வழியாக உட்லண்ட்ஸ், கிராஞ்சி, பிறகு லிம் சூ காங். ஞாயிற்றுக்கிழமை குழுவோடு சாங்கி கடற்கரையோரச் சாலை. மாதத்தில் ஒரு முறை தெற்கே போய் மவுண்ட் ஃபேபரும் சவுத் புவன விஸ்தா சாலையும் ஏறுவார்கள்.

105இன் கம்பிக் கியர் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தானாகப் பதிவு செய்யாது. ஆனால் வேகத்தை மிதிச்சுற்றால் வகுத்தால் கியரைக் கண்டுபிடித்துவிடலாம். அங்கே ஒரு சிக்கல் வந்தது. 53ஐ 19ஆல் வகுத்தால் 2.789. 39ஐ 14ஆல் வகுத்தால் 2.786. கணினிக்கு இரண்டும் ஒன்றே. அவர் பெரிய வட்டில் இருந்தாரா, சிறிய வட்டில் இருந்தாரா என்பது பதிவிலிருந்து தெரியவில்லை. அதனால் முன்கியரை மாற்றும் ஒவ்வொரு முறையும் மானியின் ‘லேப்’ பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லாவற்றுக்கும் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர் என்பதால் ஒரு முறைகூடத் தவறாமல் அழுத்தினார்.

நான்கு வாரப் பதிவு மூன்று விஷயங்களைக் காட்டியது. ஒன்று, அவரது சராசரி மிதிச்சுற்று நிமிடத்துக்கு 70. சமதளத்தில் மணிக்கு 28 கிலோமீட்டர் போவதற்கு 53×17இல், அதாவது முன்னால் 53, பின்னால் 17 பல்லில், உட்கார்ந்திருந்தார், 31க்கு 53×15. இரண்டு, மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டியது நான்கு வாரத்திலும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட இல்லை. அதுவும் மண்டாய் இறக்கங்களில்தான். மூன்று, 39 பல் வட்டை அவர் ஏற்றத்தில் தவிர வேறெங்கும் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “சின்ன வட்டில் போனால் பலவீனம் என்று நினைத்தேன்” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. முழங்காலை வலிக்க வைத்தது சைக்கிள் மட்டுமல்ல, தோளைத் தட்டிச் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியமும்தான்.

மிதிச்சுற்று ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 180 வாட் செலவழித்து ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 172.5 மில்லிமீட்டர் கிராங்க் கையில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் சுற்றின் வழியே கால் தரும் சராசரி விசை பதினான்கரை கிலோ எடைக்குச் சமம். 85 சுற்று மிதித்தால் அது பன்னிரண்டு கிலோவுக்குச் சமமாகக் குறையும். வேகம் அதேதான், மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும், முழங்காலுக்கு ஒவ்வொரு மிதியிலும் இரண்டரை கிலோ மிச்சம். ஒரு மணி நேரத்தில் மிதி நாலாயிரம், ஐயாயிரம் முறை சுற்றும்போது அந்த மிச்சம் பெரிது.

ஆகவே முதல் மருந்துக்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் ஒரு படி எளிய கியருக்கு இறங்கி, 85 சுற்றுக்குப் பழகச் சொன்னேன். மூன்று வாரத்தில் அவர் 80க்கு வந்துவிட்டார். வலியும் பாதிக்கு மேல் குறைந்தது. இங்கேயே நிறுத்தியிருந்தால் காம்பாக்ட் என்ற பேச்சே எழுந்திருக்காது.

15க்கும் 17க்கும் நடுவே

வேகமாக மிதிக்கப் பழகியதும் வேறொரு குறை வெளியே வந்தது. 2022 தொடக்கத்திலிருந்து சாலையில் ஒரு சைக்கிள் குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக் கூடாது. இரட்டை வரிசையில் போனால் பத்துப் பேர். அதனால் எங்கள் குழு சிறிய குழுக்களாகப் பிரிந்தே போகிறது. முன்னால் நின்று காற்றை வாங்கும் முறை அடிக்கடி வரும். சமிக்ஞை விளக்கு குழுவைத் துண்டாக்கும், பின்தங்கியவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். வேகம் 26க்கும் 35க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். சாங்கி கடற்கரையோரச் சாலை திறந்த வெளி. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று அங்கே முகத்தில் அறையும்.

இந்த இடைவெளியில்தான் அண்ணனின் கேசட் ஓட்டையாக இருந்தது. ஷிமானோவின் பதினொரு கியர் 11-28 கேசட்டை எண்ணிப் பாருங்கள்: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. பதினாறும் இல்லை, பதினெட்டும் இல்லை. 85 சுற்றில் 53×15 மணிக்கு 38 கிலோமீட்டர், 53×17 என்றால் 33.5, 53×19 என்றால் 30. குழு 32இல் போகும்போது 17இல் மிதி கொஞ்சம் கனக்கும், 19க்கு இறங்கினால் கால் பறக்கும். காற்று எதிரே திரும்பினால் 17இல் சுற்று 70க்கு விழும். பழகிய பழைய வலி அங்கேதான் திரும்பி எட்டிப் பார்த்தது. அவருக்குத் தேவைப்பட்டது பெரிய கியரும் அல்ல, சிறிய கியரும் அல்ல. நடுவில் இருக்க வேண்டிய ஒரு படி.

என்னிடம் 12-25 கேசட் ஒன்று சும்மா கிடந்தது. அதன் வரிசை 12, 13, 14, 15, 16, 17, 18, 19, 21, 23, 25. பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வரை ஒவ்வொரு பல்லாக ஏறும். அதை மாட்டிக் கொடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் தெரிந்த தெளிவை மறக்க மாட்டேன். “படிக்கட்டில் உடைந்த படிகளை யாரோ சரிசெய்துவிட்டார்கள் போல இருக்கிறது” என்றார். 53×18 என்றால் 85 சுற்றில் 31.6. குழுவின் வேகத்துக்கு அச்சாகப் பொருந்தியது.

ஆனால் அடுத்த மாதம் மவுண்ட் ஃபேபர் வந்தது. ஏறக்குறைய நூறு மீட்டர்தான் உயரம், சில நிமிட ஏற்றம்தான், ஆனாலும் அதன் செங்குத்தான வளைவுகளில் 39×25 அவரை நிறுத்தியே விட்டது. பத்து விழுக்காட்டுச் சரிவில், அதாவது நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் இடத்தில், அவரும் சைக்கிளும் சேர்ந்த 83 கிலோவை 200 வாட்டில் ஏற்றினால் வேகம் மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் 39×28இல் மிதி நிமிடத்துக்கு 48 சுற்று. 39×25இல் 43. நாற்பத்தெட்டே கடினம், நாற்பத்து மூன்றில் ஒவ்வொரு மிதியும் தனித்தனியாக ஏறும் படி. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

எதிர்த் திசையிலும் யோசித்தோம். சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவிதான் டெரெய்லர். பின்னால் இருக்கும் அவருடைய குட்டைக் கூண்டு டெரெய்லர் 30 பல் வரை ஏற்கும். 11-30 கேசட் போட்டால் 39×30 கிடைக்கும், ஏற்றம் சுலபமாகும். ஆனால் அதில் 15, 17, 19, 21, 24 என்று படிகள் இன்னும் அகலும். சனியும் ஞாயிறும் மணிக்கணக்கில் ஓட்டும் சமதளத்தை, மாதம் ஒரு முறை வரும் சில நிமிட ஏற்றத்துக்காகக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். ஏற்றத்தில் படும் அவஸ்தை நினைவில் தங்கிவிடுகிறது, சமதளத்தில் ஒவ்வொரு நிமிடமும் படும் சின்ன உறுத்தல் நினைவில் தங்குவதில்லை.

கிராங்க் கொண்டு வந்த இடம்

அப்போதுதான் 50/34 உண்மையான காரணத்தோடு மேசைக்கு வந்தது. 34ஐ 25ஆல் வகுத்தால் 1.36. பழைய 39×28 என்பது 1.39. அதாவது காம்பாக்ட் போட்டால், நெருக்கமான 12-25 கேசட்டை வைத்துக்கொண்டே, பழைய அகலமான கேசட் கொடுத்த ஏற்றக் கியர் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. விட்டுக்கொடுப்பது மேல் நுனி மட்டும்தான். 53×11 என்பது 85 சுற்றில் மணிக்கு 51.7 கிலோமீட்டர், 50×12 என்பது 44.7. இடையே இருக்கும் ஏழு கிலோமீட்டர் வேகத்தை அவர் நான்கு வாரத்தில் இரண்டு நிமிடம்கூடத் தொடவில்லை என்பது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 164 மீட்டர். மேல் நுனிக் கியர் வேலை செய்ய நீண்ட இறக்கம் வேண்டும். நமக்கு அது இல்லை. ‘தட்டையான ஊர், காம்பாக்ட் வேண்டாம்’ என்பவர்கள் சின்ன வட்டை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். தட்டையான ஊரில் வேலையில்லாமல் கிடப்பது 53×11தான். அதைக் கொடுத்து, தினமும் மிதிக்கும் இடத்தில் 16ஐயும் 18ஐயும் வாங்குகிறோம். காம்பாக்டை நான் அண்ணனுக்குப் பரிந்துரைத்தது மலைக்காக அல்ல, லிம் சூ காங் நேர்ச்சாலைக்காக.

முழுக் கிராங்கை மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னது இந்தச் சைக்கிளுக்குப் பொருந்தாது. பழைய ஐந்து கைக் கிராங்குகளில், வட்டுகளைப் பிடிக்கும் திருகுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஸ்டாண்டர்டில் 130 மில்லிமீட்டர், காம்பாக்டில் 110. 130இல் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது, அதனால் முழுக் கிராங்கையும் மாற்றத்தான் வேண்டும். ஷிமானோ 2012இல் அறிமுகப்படுத்திய டியூரா-ஏஸ் 9000இல் நான்கு கை வடிவம் வந்தது, எல்லா ஜோடிக்கும் ஒரே 110. பிறகு அது 105க்கும் இறங்கியது. ஆர்7000இன் கைகளை அப்படியே விட்டுவிட்டு நான்கு திருகைக் கழற்றி வட்டுகளை மட்டும் மாற்றலாம். புதுக் கிராங்கின் விலையில் ஏறக்குறைய பாதிதான் ஆனது. ஆனால் 50ஐ மட்டும் மாற்றி 39ஐ விட்டு வைக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். பெரிய வட்டின் உட்பக்கத்தில் சங்கிலியைத் தூக்கி ஏற்றும் சரிவுகளும் ஊசிகளும் அதன் ஜோடிச் சின்ன வட்டைக் கணக்கில் வைத்தே வெட்டப்பட்டவை. ஜோடியைப் பிரித்தால் சங்கிலி ஏறத் தயங்கும்.

மாற்றும் வேலையைத் தாழ்வாரத்தில் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்தோம். கவனிக்க வேண்டியது முன் டெரெய்லர். 53 பல் வட்டைவிட 50 பல் வட்டின் ஆரம் 6 மில்லிமீட்டர் குறைவு. டெரெய்லரை அதே அளவுக்குக் கீழே இறக்காவிட்டால் சங்கிலி மாறாது, மாறினாலும் வெளியே விழும். அதன் வெளித்தகட்டுக்கும் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். சங்கிலியைக் குறைக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எட்டு வாரம் கழித்து

மிதிச்சுற்று 82க்கு வந்திருந்தது. முழங்கால் வலி போய்விட்டது. இருக்கை, பழக்கம், கியர் மூன்றும் சேர்ந்து போக்கின. 50×16 அவருக்கு 33.5 கொடுக்கிறது, 50×17 என்றால் 31.6, 50×18 என்றால் 29.8. குழு எந்த வேகத்தில் போனாலும் கால் தன் தாளத்தை விடாமல் இருக்க ஒரு படி இருக்கிறது. எதிர்க்காற்றில் இது மிகத் துலக்கமாகத் தெரியும். வேகம் 29க்கு விழுந்தாலும் சுற்று விழுவதில்லை. மவுண்ட் ஃபேபரை இருக்கையிலிருந்து எழுந்து ஏறினார். 39×28 இருந்த நாளைவிடச் சுலபம் என்று சொல்ல முடியாது, கணக்கிலும் வித்தியாசம் சொற்பம். முன்பைவிடக் கடினமில்லை, அவ்வளவே நான் எதிர்பார்த்ததும்.

குறையும் சொல்ல வேண்டும், அது சிறிதல்ல. 50இலிருந்து 34க்கு விழுவது பதினாறு பல், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பழைய 53/39இல் விழுந்தது கால் பங்கு சொச்சம். ஓடும்போது முன்னால் மாற்றினால் கால் திடீரென்று காற்றில் மிதிப்பதைப் போல ஆகும். சரிசெய்யப் பின்னால் நெம்புகோலை அடுக்கடுக்காகத் தட்ட வேண்டும். 50×23இல் இருந்து 34க்கு இறங்கி அதே கனத்தைத் திரும்பப் பெற 16க்குப் போக வேண்டும், அதாவது ஐந்து தட்டு. கேசட் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு தட்டு கூடும். நான் புகழ்ந்த நெருக்கத்தின் மறுபக்கம் இது. மண்டாய் சாலையின் ஏற்ற இறக்கங்களில் அண்ணன் முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டாத குறை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்றம் தொடங்கியதுமே முன்னால் மாற்றாமல் பெரிய வட்டில் 21, 23 வரை போய், ஏற்றம் வேகத்தைத் தின்ற பிறகு இறக்குகிறார். அப்போது இரண்டு தட்டே போதும். பொத்தான் கணக்கின்படி சனிக்கிழமைச் சுற்றில் இப்போது முன்கியரை ஒன்பது முறைதான் மாற்றுகிறார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 53×17ம் 50×16ம் ஏறக்குறைய ஒரே கியர். ஆனால் சிறிய பற்களில் சங்கிலி கூடுதலாக வளைகிறது, ஆறு விழுக்காடு கூடுதலாக இழுபடுகிறது. தேய்மானமும் உராய்வும் அந்த அளவுக்குக் கொஞ்சம் கூடும். பந்தயத்தில் நொடி எண்ணுபவருக்கு அது பொருட்டு. கிராஞ்சியில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்புபவருக்குப் பொருட்டில்லை.

சங்கிலியைக் குறைக்காததற்குக் காரணம் பிரேசர் மலை. அண்ணன் அடுத்த ஆண்டு மலேசியாவில் கோலகுபு பாருவிலிருந்து அங்கே ஏறப் போகிறார். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரும் நீண்ட ஏற்றம் அது. அதற்கென்று 11-30 கேசட் ஒன்று பெட்டியில் இருக்கிறது. 34×30 என்றால் 1.13. 200 வாட்டில், பத்து விழுக்காட்டுச் சரிவில்கூட 59 சுற்று மிதிக்கலாம். அவருடைய குட்டைக் கூண்டு டெரெய்லர் தாங்கும் மொத்தப் பல் வித்தியாசம் 35. முன்னால் 16, பின்னால் 19, கூட்டினால் சரியாக 35. நூலிழையில் பொருந்துகிறது. ஊரில் ஒரு கேசட், மலைக்கு ஒரு கேசட். கேசட் மாற்றப் பத்து நிமிடம் போதும்.

எல்லாருக்கும் இதே விடையா

இல்லை. எங்கள் குழுவில் 24 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். வேகமான குழுவோடு 40க்கு மேல் ஓட்டி, கடைசியில் விரைந்து ஓட நினைப்பவர். 53×14 அவருக்கு 85 சுற்றில் 40.6 தருகிறது. கேசட்டின் நடுப்பகுதி அவருக்கு அங்கேதான் விழ வேண்டும். அவருக்கு 50 கொடுத்தால் 12, 13இல் ஒடுங்கிவிடுவார். பதிவு பார்த்தோம், அவர் மேல் நுனியை உண்மையாகவே பயன்படுத்துகிறார். ஸ்டாண்டர்ட் அவருக்குரியது.

எனக்கு வியப்பைத் தந்தது என் தங்கையின் பதிவு. அவள் பெரும்பாலும் பூங்கா இணைப்புப் பாதையில்தான் ஓட்டுவாள். அங்கே வேக வரம்பு 25. அவளுடைய மிதிச்சுற்று 75, வேகம் 19க்கும் 24க்கும் நடுவே. அவளுடைய சைக்கிள் வாங்கும்போதே காம்பாக்டோடு வந்தது. 34×17இல் 19 கிலோமீட்டர், 34×14இல் 23. அதற்கு மேல் போனால் சங்கிலி கோணலாகி இரைகிறது. 50க்கு ஏற்றினால் 21, 23 என்று மறுபக்கக் கோணல். அவள் வாழும் வேகம் இரண்டு வட்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் சரியாக விழுகிறது. பாதையில் நாய், குழந்தை, ஓடுபவர் என்று யாருக்காக வேகத்தைக் குறைத்தாலும் முன்கியர் மாற்ற வேண்டியிருக்கிறது. அவளுக்கு மிகப் பொருத்தமான பல்வட்டு 39. 39×19 என்றால் 19.4, 39×17 என்றால் 21.7, 39×15 என்றால் 24.6. எல்லாம் கேசட்டின் நடுவில், சங்கிலி நேராக. பந்தயக்காரரின் கிராங்க் என்று மிரட்டப்படும் ஸ்டாண்டர்டின் சின்ன வட்டு, இந்த மூவரில் மிக நிதானமாக ஓட்டுபவளுக்குத்தான் அளவெடுத்ததைப் போல இருக்கிறது. அவளுடைய கிராங்கும் நான்கு கை, 110 வகைதான்.

அண்ணனின் சைக்கிளிலிருந்து கழற்றிய 53/39 ஜோடி அப்போது என் மேசை இழுப்பறையில் எண்ணெய்த்தாளில் சுற்றி இருந்தது. சென்ற சனிக்கிழமை மாலை அதைத் தங்கையின் சைக்கிளில் மாட்டினேன். அண்ணன்தான் கீழ்த் தளத்திலிருந்து வந்து முன் டெரெய்லரை 6 மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். 53 பல்லை அவள் தொடப் போவதில்லை. சங்கிலியை 39இல் போட்டுக் கொடுத்தோம். இருட்டுவதற்குள் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம் வரை ஒரு முறை போய்விட்டு வருகிறேன் என்று அவள் மின்தூக்கியை நோக்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.